கொடுங்கோல் ஆட்சியும் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்றில் அடக்குமுறை எப்படி நடந்தது, மக்கள் அதை எப்படி எதிர்த்தார்கள் என்று பேச ஆரம்பித்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. மாவீரர்களைவிட வாத்தியார், குமாஸ்தா, சிப்பாய், நீதிபதி போன்றவர்கள் இதில் அதிகம் வருவார்கள். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

கெடுபிடியான ஆட்சி எல்லாமே கொடுங்கோல் ஆட்சியா?

இல்லை. வரி அதிகம், போலீஸ் தொல்லை அதிகம் என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆள்பவர் தன்னையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்தை ஏற்கிறாரா, அவரை மாற்றுவதற்கு உயிர்ப்பயம் இல்லாத வழி ஏதாவது மக்களுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும்.

பழைய ரோமில் சர்வாதிகாரி என்பது முறையான ஒரு பதவி. போரோ கலகமோ வந்தால் ஒரே ஆளிடம் அதிகாரத்தைக் கொடுப்பார்கள். அதிகபட்சம் ஆறு மாதம், அதற்குள் வேலையை முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கிமு 44இல் ஜூலியஸ் சீசர் அதை ஆயுட்காலப் பதவியாக ஆக்கிக்கொண்டார். பதவியின் பெயர் மாறவில்லை, முடிவுத் தேதிதான் காணாமல் போனது. எந்த ஆட்சியைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

“எல்லாம் சட்டப்படிதான் நடந்தது” என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மைதான். அதனால்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை போட்டு, பேச்சுரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் நிறுத்திவைத்தார்கள். மார்ச் 23ஆம் தேதி, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஹிட்லரின் அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்று நாடாளுமன்றமே ஓட்டுப்போட்டுச் சொன்னது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும்தான். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாகியிருந்தார்கள். ஓட்டெடுப்பு நடந்த மண்டபத்துக்குள் சீருடை போட்ட நாஜிப் படையாட்கள் நின்றார்கள். ஆனால் ஏடுகளைப் புரட்டினால் எல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கலும் சட்டப் புத்தகத்தில் இருந்ததுதான். கறுப்பர்கள் கையில் பாஸ், அதாவது நடமாட அனுமதிக்கும் சீட்டு, வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அந்தப் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். இந்தியாவில் 1975 ஜூன் 25 இரவு வந்த எமர்ஜென்சியும் அரசியல் சட்டத்தின் 352ஆம் பிரிவின் கீழ்தான் வந்தது. “சட்டப்படியா?” என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சட்டத்தை யார் போட்டார்கள், அப்போது எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒரே ஆள் எப்படிக் கோடிக்கணக்கானவர்களை அடக்குகிறார்?

அவர் தனியாக எதையும் செய்வதில்லை. உத்தரவை டைப் அடிக்க ஒருவர் வேண்டும், பட்டியல் எடுக்க ஒருவர், கதவைத் தட்ட ஒருவர், ரயில் ஓட்ட ஒருவர். கிழக்கு ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. அதன் உளவுத் துறையான ஸ்டாசியில் 1989இல் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 90,000 பேர். சம்பளப் பட்டியலில் வராத ரகசியத் தகவலாளிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், சில குடும்பங்களில் கணவரே அந்தத் தகவலாளியாக இருந்திருக்கிறார். ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1983இல் டைப்ரைட்டர்களையே போலீசிடம் பதிவு செய்ய வைத்தது. எந்தத் துண்டறிக்கை எந்த மெஷினில் அடித்தது என்று கண்டுபிடிக்க எழுத்து மாதிரி கொடுக்க வேண்டும். அந்த மாதிரிகளை வாங்கி அடுக்கி வைக்கவும் யாரோ சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பு எங்கே பலித்தது என்று பார்த்தாலும் இதே ஆட்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இவர்கள் கை தளர்ந்த இடங்களில் ஆட்சி ஆடியது. தளராத இடங்களில் லட்சம் பேர் தெருவுக்கு வந்தும் அசையவில்லை.

மக்கள் ஏன் இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டு போகிறார்கள்?

கோழைத்தனம் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். ஒவ்வொருவருக்கும் மனதில் வெறுப்பு இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் இருக்கிறதா என்று தெரியாது, வாய்விட்டுக் கேட்டால் ஆபத்து. அதனால் எல்லாரும் கை தட்டுவார்கள். எல்லாரும் கை தட்டுவதைப் பார்த்து, நமக்கு மட்டும்தான் பிடிக்கவில்லை போல என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டு எப்படி அவிழ்கிறது என்பதைத் தொலைக்காட்சி நேரலையிலேயே காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1989 டிசம்பர் 17இல் ருமேனியாவின் திமிஷோவாராவில் போராடியவர்களைச் சுட்டார்கள். நாடு தன் பக்கம் என்று காட்ட, 21ஆம் தேதி புக்கரெஸ்டில் சௌசெஸ்கு பெரிய கூட்டம் கூட்டினார். வந்தவர்களில் பலர் ஆலைகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், கையில் கொடி, பதாகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். பேச்சு தொடங்கிய சில நிமிடங்களில் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. மேடையில் அவர் திகைத்து, கையைத் தூக்கியபடி “அலோ, அலோ” என்று கத்துகிறார். நேரலையை இடையில் நிறுத்தினார்கள். ஆனால் பார்க்க வேண்டியதை நாடு பார்த்துவிட்டது. மறுநாள் அவர் ஹெலிகாப்டரில் தப்பினார். 25ஆம் தேதி அவரையும் மனைவியையும் அவசர விசாரணை நடத்திச் சுட்டுக் கொன்றார்கள். 24 வருட ஆட்சி முடிய, அந்தக் கூச்சலுக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கொடுங்கோலனை மட்டும் தீர்த்துக்கட்டிவிட்டால் போதாதா?

பழைய ஆசை இது. பலித்ததைவிடச் சொதப்பியதே அதிகம். ஏதென்ஸில் கிமு 514இல் ஹார்மோடியஸ், அரிஸ்டோகெய்டன் என்ற இருவர், ஆட்சியில் இருந்த ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கஸைக் கொன்றார்கள். ஏதென்ஸ்காரர்கள் பின்னால் அவர்களுக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் கொலைக்குப் பிறகு ஹிப்பியாஸ் முன்பைவிடக் கொடூரமாக மாறினார், அவர் போக இன்னும் நான்கு வருடம் ஆனது. சீசரைக் குத்திக் கொன்றவர்கள் குடியரசைக் காப்பாற்றப்போவதாகச் சொன்னார்கள். கிடைத்தது உள்நாட்டுப் போர், அதன் முடிவில் அகஸ்டஸ் என்ற பேரரசர். ஆள் போனாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

எதிர்ப்பது உரிமை என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா?

நிறைய இடத்தில். அரசனைக் கொல்லலாமா என்று கேட்ட ஓர் அரசனுக்கு, மக்களைக் கொடுமை செய்தவன் அரசன் என்ற தகுதியையே இழந்துவிடுகிறான் என்ற பொருளில் சீன அறிஞர் மென்சியஸ் பதில் சொன்னார். அது கிமு 4ஆம் நூற்றாண்டு. 1215 ஜூனில் இங்கிலாந்தின் ஜான் மன்னர் ஏற்றுக்கொண்ட மாக்னா கார்ட்டாவின் 61ஆம் பிரிவு, மன்னர் வாக்கு தவறினால் 25 பிரபுக்கள் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றலாம் என்றது. கொஞ்ச நாளிலேயே போப் அந்த ஆவணத்தை ரத்து செய்துவிட்டார். அடுத்தடுத்த பதிப்புகளில் 61ஆம் பிரிவு வரவே இல்லை. அது பாதுகாத்ததும் ‘சுதந்திரமான மனிதர்களை’ மட்டும்தான், நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்த குடியானவர்கள் அதில் சேரவில்லை. மேற்கு ஜெர்மனி 1968இல் தன் அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவிலேயே இந்த உரிமையைச் சேர்த்தது: அரசியல் சட்ட ஒழுங்கை ஒழிக்க யாராவது முயன்று, வேறு வழியில்லாமல் போனால், குடிமக்கள் எதிர்க்கலாம்.

ஆயுதம் இல்லாமல் போராடி ஜெயிக்க முடியுமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

முடிந்திருக்கிறது, எப்போதும் இல்லை. எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் ஏந்தாதவற்றில் 53 சதவீதம் வென்றிருந்தன, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் மீதி 47 சதவீதத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2010க்குப் பிறகு வெற்றி விகிதம் இறங்கிவிட்டது என்று செனோவெத்தே எழுதியிருக்கிறார்.

வென்றவை எப்படி வென்றன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நார்வே. 1942இல் நாடு ஜெர்மன் ராணுவத்தின் பிடியில். பொம்மை ஆட்சி நடத்திய குவிஸ்லிங், ஆசிரியர்கள் எல்லாரும் கட்டாயமாக ஒரு புதிய சங்கத்தில் சேர வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளைத் தன் கட்சியின் அச்சில் வார்ப்பது அவர் திட்டம். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், ஏறக்குறைய ஒரே வாசகத்தில், சேர முடியாது என்று தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அரசு எரிபொருள் தட்டுப்பாடு என்று சாக்குச் சொல்லிப் பள்ளிகளை மூடியது. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்ததும் பெற்றோர்களின் கடிதங்களும் குவிய ஆரம்பித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கைது செய்து, அதில் பல நூறு பேரைக் கப்பலில் ஏற்றி வடகோடியில் உள்ள கிர்கெனெஸுக்குக் கூலிவேலைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அப்போதும் மசியவில்லை. ஆசிரியர்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று குவிஸ்லிங் குமுறியதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நார்வேயிலிருந்து ஜெர்மன் ராணுவம் போனது என்னவோ 1945இல், போரில் தோற்ற பிறகுதான். ஆசிரியர்கள் காப்பாற்றியது நாட்டை என்று சொல்ல மாட்டேன், வகுப்பறையைக் காப்பாற்றினார்கள்.

உப்புச் சத்தியாகிரகத்தையும் இப்படி அளந்து பார்ப்பது நல்லது. 1930 மார்ச் 12 அன்று 78 பேரோடு புறப்பட்ட காந்தி, சுமார் 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5இல் தண்டியை அடைந்தார். அந்த ஆண்டில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். உப்பு வரி உடனே ஒழிந்துவிடவில்லை. 1931 ஒப்பந்தத்தில் கடலோர மக்கள் சொந்தத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்பதோடு சரி. ஆனால் அரசுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது எப்படி என்று ஊர் ஊராகச் செய்து பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் ஆயுதம் எடுத்தவர்கள் செய்தது தப்பா?

ஹைத்தியைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. அப்போது அதன் பெயர் செயின்ட் டொமிங், பிரான்ஸின் பணக்காரக் காலனி. சர்க்கரையும் காப்பியும் விளைவிக்க ஐந்து லட்சத்துக்கு அருகில் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். உழைப்பின் கொடுமையில் அவர்கள் செத்துக்கொண்டே இருக்க, தோட்டக்காரர்கள் புதியவர்களை வாங்கி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அங்கே மனுக் கொடுக்க அலுவலகம் கிடையாது. வேலைநிறுத்தம் செய்தால் சவுக்கு, ஓடினால் மரணம். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் தோட்டங்கள் எரிந்தன. துசேன் லூவெர்ச்சூர் என்ற முன்னாள் அடிமை, எழுந்தவர்களை ஒரு ராணுவமாக்கினார். 1794இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததற்கு இந்த எழுச்சி முக்கியக் காரணம். நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார், பெரும்படை அனுப்பினார். துசேனைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடித்து, பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள், 1803இல் அங்கேயே இறந்தார். போரோடு மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து பிரெஞ்சுப் படையை அழித்தது. 1804 ஜனவரி 1 அன்று துசேனின் தளபதியாக இருந்த டெசலீன் விடுதலையை அறிவித்தார்.

கதை அதோடு நிற்கவில்லை. மிஞ்சியிருந்த வெள்ளையர்களைக் கொல்ல டெசலீன் உத்தரவிட்டார், தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார், 1806இல் கொல்லப்பட்டார். தோட்ட வேலை கட்டாயமாகவே தொடர்ந்தது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அடிமைகளும் நிலமும் கைவிட்டுப் போனதற்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலையானவர்களே தங்கள் விலையைத் தங்களை வைத்திருந்தவர்களுக்குக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு வாங்கிய கடன்களின் கடைசித் தவணை தீர 1947 ஆகிவிட்டது. இன்றைய ஹைத்தியின் வறுமைக்குப் புரட்சியைக் குறை சொல்கிறவர்கள் இந்த ரசீதுகளையும் பார்க்கட்டும்.

என் கருத்து: எதிராளி பேச்சுக்கு இடமே வைக்காதபோது ஆயுதம் எடுத்தவரை வசதியான இடத்தில் உட்கார்ந்து கண்டிக்க நமக்குத் தகுதி இல்லை. அதே சமயம், போரில் வென்ற தளபதியிடமிருந்து அதிகாரத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாலும் முதல் போரைவிடக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

தலைவர்களாக இல்லாதவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்?

அர்ஜென்டினாவில் 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரவில் வந்து ஆட்களைக் கொண்டுபோவார்கள், பிறகு அப்படி ஒருவரே இல்லை என்பார்கள். பிணமும் கிடைக்காது, வழக்கும் இருக்காது. 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்துக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். சரி என்று நடக்க ஆரம்பித்தார்கள், சதுக்கத்தின் நடுவே இருந்த தூணைச் சுற்றிச் சுற்றி. வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள், பின்னால் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அவர்களை ஒன்று சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோரை அந்த டிசம்பரில் கடத்தினார்கள். அவருடைய எலும்புகள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. மற்ற தாய்மார்கள் அடுத்தடுத்த வியாழக்கிழமைகளிலும் வந்தார்கள்.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரித் தேர்தல் எண்ணிக்கையின்போது, தேர்தல் ஆணையத்தின் கணினி ஊழியர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். தாங்கள் ஏற்றிய எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் புகார். அதே மாதத்தில் அதிபர் மார்கோஸ் நாட்டை விட்டு ஓடினார்.

சிப்பாய்கள் எப்போது சுட மறுக்கிறார்கள்?

1989 அக்டோபர் 9, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக். சுமார் 70,000 பேர் தெருவில், எதிரே ஆயுதத்தோடு படைகள். சுடு என்று மேலிருந்து தெளிவான உத்தரவு வரவில்லை, கீழே இருந்தவர்கள் தாங்களாகச் சுடவும் இல்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அதே ஆண்டு ஜூன் 4, பெய்ஜிங்: ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள்மீது படை சுட்டது. அங்கேயும் மறுத்தவர் உண்டு: 38ஆம் படையின் தளபதி ஷு சின்ஷியன், மாணவர்கள்மீது படை நடத்த ஒப்புக்கொள்ளாமல் ராணுவ நீதிமன்றத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். ஆனால் அவரைப் போல மறுத்தவர்கள் மிகச் சிலரே. படையை வேறு ஆட்கள் நடத்திப் போனார்கள். ஒரு தளபதி மறுத்தால் அது அவருடைய மனசாட்சி, வரிசையே தயங்கினால்தான் ஆட்சிக்குச் சிக்கல். கூட்டத்தில் தங்கள் வீட்டு ஆட்களைப் போன்றவர்களைச் சிப்பாய்கள் பார்க்கும்போது அந்தத் தயக்கம் சீக்கிரம் வருகிறது. தூரத்து ஊர்ப் படைகளை ஆள்பவர்கள் விரும்புவதும் அதனால்தான்.

வெளிநாடு வந்து காப்பாற்றினால்?

காப்பாற்றுகிறவர் தன் கணக்கோடுதான் வருவார். கிமு 510இல் ஹிப்பியாஸைத் துரத்த உதவிய ஸ்பார்ட்டா, இரண்டே வருடத்தில் தன் ஆளை ஏதென்ஸில் உட்கார வைக்கப் பார்த்தது, மக்கள் முற்றுகையிட்டு அனுப்பிவைத்தார்கள். 1979 ஜனவரியில் கம்போடியாவின் கொலைகார ஆட்சியை வியட்நாம் படை விரட்டியது. ஆனால் வல்லரசுகளின் பகைக் கணக்கில், ஐநாவில் கம்போடியாவின் இடம் அதன் பிறகும் பல ஆண்டுகள் விரட்டப்பட்ட தரப்பிடமே இருந்தது.

ஒருவர் போய் இன்னொருவர் வருகிறார். புரட்சிகள் ஏன் இப்படி முடிகின்றன?

விரட்டுவதற்கு ஒன்று சேர்ந்தவர்கள் பிறகு என்ன என்று பேசி வைத்திருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் ஏற்கெனவே ஒழுங்காக அமைந்திருக்கும் கூட்டம் உட்கார்ந்துவிடும். ஈரானில் ஷாவை எதிர்த்து இடதுசாரிகள், கடைவீதி வணிகர்கள், மதகுருமார்கள், பெண்கள் எல்லாரும்தான் தெருவுக்கு வந்தார்கள். 1979 மார்ச் 8 அன்றே, புரட்சி வென்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், தலையை மூட வேண்டும் என்ற பேச்சை எதிர்த்துத் தெஹ்ரான் பெண்கள் மறுபடி தெருவுக்கு வர வேண்டியிருந்தது. எகிப்தில் 2011இல் முபாரக் விலகியபோது ஆட்சியைக் கையில் வாங்கியது ராணுவக் குழு. இடையில் ஒரு தேர்தல் வந்தது, 2013 ஜூலையில் ராணுவமே மறுபடி எடுத்துக்கொண்டது.

மாறாகப் போர்ச்சுகல். 1974 ஏப்ரல் 25இல் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் ராணுவ கேப்டன்கள். சரியாக ஒரு வருடம் கழித்துத் தேர்தல், 1976இல் அரசியல் சட்டம். இடையில் இரண்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிகளையும் தாண்டினார்கள். அங்கே தேர்தல் தேதியை முன்கூட்டியே அறிவித்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

கொடுமை செய்தவர்களைத் தண்டிப்பதா, மன்னிப்பதா?

எந்த நாட்டுக்கும் சுத்தமான விடை கிடைக்கவில்லை. அர்ஜென்டினா 1985இல் தன் ராணுவத் தலைவர்களைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி, ஜெனரல் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1990இல் அதிபர் மன்னித்து விட்டார். பிறகு மறுபடி வழக்கு, மறுபடி தண்டனை; 2013இல் சிறையில் இறந்தார். தென்னாப்பிரிக்கா உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றை வைத்து வேறு பேரம் பேசியது: உண்மையை முழுதாகச் சொன்னால் மன்னிப்பு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், சுமார் 850 பேருக்குத்தான் கிடைத்தது. மறுக்கப்பட்டவர்களில் மிகச் சிலர்மீதே வழக்கு நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த தொகை ஆணையம் பரிந்துரைத்ததைவிடக் குறைவு. சிலியில் 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் 56 சதவீதம் பேர் சர்வாதிகாரி பினோசெட் வேண்டாம் என்றார்கள், ஆனால் அவர் 1998 வரை ராணுவத் தளபதியாக நீடித்தார்.

தோற்றுப்போன எதிர்ப்பால் என்ன பலன்?

சில சமயம் ஒன்றுமே இல்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெயர்கூடத் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். ஆனால் எழுத்தில் பதிந்த எதிர்ப்புக்கு ஒரு தனி ஆயுள் உண்டு.

எமர்ஜென்சியில், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்க இடம் கொடுத்த மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் தன் சிறைவாசத்தை எதிர்த்து யாரும் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்றது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா மட்டும் மறு பக்கம். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி மூப்புப்படி அவருக்கு வர வேண்டியது, அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். 1978இல் அரசியல் சட்டத்தின் 44ஆம் திருத்தம் வந்தது: எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976 தீர்ப்பைத் தவறு என்று சொல்லி ரத்து செய்தது. அதைத் தன் தீர்ப்பில் விரிவாக எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976இல் பெரும்பான்மைப் பக்கம் இருந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக்காவலுக்கு மட்டும் 22ஆம் பிரிவில் இன்றும் இடம் இருக்கிறது.